தீபலட்சுமி வந்தாச்சு

புதுச்சேரியில் என்ன இல்லை என்று கேட்டால் கார்குழலி யோசிக்காமல் பதில் சொல்வாள். கடல் இருக்கிறது, பெரிய மார்க்கெட் இருக்கிறது, கடற்கரைச் சாலையில் ஐஸ்கிரீம் இருக்கிறது. மலை மட்டும் கிடையாது. கோரிமேட்டை மலை என்று சொல்கிறவர்களை அவள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. சைக்கிளை அழுத்தி மிதித்தால் ஏறிவிடலாம், அது ஒரு மலையா?

அதனால் அவளும் அம்மாவும் மலை ஏறப் பழகியது உப்பளம் ஸ்டேடியத்தின் கேலரிப் படிகளில்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழே பையன்கள் பந்து விளையாடுவார்கள். அம்மாவும் மகளும் படியில் ஏறுவார்கள், இறங்குவார்கள், மறுபடி ஏறுவார்கள்.

"இன்னாம்மா, எதையாவது தொலச்சிட்டீங்களா?" என்று வாட்ச்மேன் ஒருநாள் கேட்டேவிட்டார்.

"மலை ஏறப் பழகறோம்," என்றாள் கார்குழலி.

வாட்ச்மேன் சுற்றுமுற்றும் பார்த்தார். பாவம், அவருக்கு எங்கேயும் மலை தெரியவில்லை.

செஞ்சிக்கு அந்தப் பக்கம் குருவிக்குன்று என்று ஒரு மலை. அங்கே வருடத்துக்கு ஒரு முறை மலை ஓட்டம் நடத்துவார்கள். ஓடுகிறவர்கள் இரண்டு மூன்று குன்றுகளைச் சுற்றிக்கொண்டு ஓடுவார்கள். ஓட முடியாதவர்கள் உச்சிவரை நடந்து ஏறி இறங்கலாம். அதற்குப் பரிசெல்லாம் கிடையாது, உச்சியைத் தொட்டால் ஒரு மெடல் மட்டும். பெரியவர் ஒருவர் கூட வந்தால் சிறுவர்களையும் சேர்த்துக்கொள்வார்கள்.

போன வருடம் அம்மாவும் கார்குழலியும் போனார்கள். பாதி வழியில் கார்குழலிக்கு வயிற்றுவலி. காலையில் பஸ்ஸில் தின்ற வடைகள்தான் காரணம். எத்தனை வடை என்று கேட்காதீர்கள். அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. உச்சியை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார், அவ்வளவுதான்.

"அடுத்த வருஷம் வரலாம், வா," என்று அவளைக் கைப்பிடித்துக் கீழே கூட்டி வந்துவிட்டார்.

இந்த வருடம் பதிவு ஆரம்பித்த அன்றைக்கே அம்மா இரண்டு பேர் பெயரையும் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் மஸ்கட்டில் நர்ஸ் வேலை கிடைத்தது. அம்மா விமானம் ஏறிப் போய்விட்டார். பெயர் மட்டும் ஓட்டம் நடத்தும் மலைக்காரர்களிடம் இருந்தது.

அம்மா இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று கார்குழலிக்கு முன்பு தெரியாது. இப்போது தெரியும். இட்லி இருக்கும், சட்னி இருக்கும், டிவி ஓடும். ஆனால் ஸ்கூல் விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போது, உள்ளேயிருந்து "கை கால் கழுவிட்டு வா" என்கிற குரல் மட்டும் வராது. அந்த ஒரு நிமிடத்தைத் தாண்டுவதுதான் கஷ்டம். தினமும் தாண்டவேண்டியிருந்தது.

இரவில் அம்மா வீடியோவில் வருவார்.

"அங்க உன்ன எப்படிம்மா கூப்புடுவாங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"சிஸ்டர்னுதான். எங்க எல்லாருக்கும் ஒரே பேருதான். சட்டையில பேரு குத்தியிருக்கு, அத யாரு படிக்கறாங்க?"

அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கார்குழலிக்குச் சிரிப்பு வரவில்லை. யோசித்துப் பார்த்தால் வீட்டிலும் அம்மாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவளுக்கு "அம்மா". அப்பாவுக்கு "இந்தாம்மா", கொஞ்சம் தூரத்தில் இருந்தால் "கார்குழலி அம்மா". தீபலட்சுமி என்கிற அழகான பெயர் ரேஷன் கார்டில் சும்மா உட்கார்ந்திருந்தது.

"அம்மா இல்லாம நா மலைக்குப் போவல," என்றாள் கார்குழலி.

"யாரு சொன்னா நா இல்லன்னு? என் பேரு இருக்கு இல்ல? எண் அட்டை பின்னாடி சிப் ஒட்டியிருப்பாங்க. கடைசிப் பந்தல்ல ஒண்ணு, உச்சியில ஒண்ணுன்னு சிப்ப படிக்கற பாய் விரிச்சிருப்பாங்க. உச்சிப் பாய தாண்டினா என் போனுக்கு மெசேஜ் வந்துரும், 'தீபலட்சுமி, நீங்கள் உச்சியை அடைந்துவிட்டீர்கள்'னு. அதப் பாத்தா நானும் வந்த மாதிரிதான். யாராவது என் அட்டையைக் கொண்டுபோங்க."

கார்குழலி அப்பாவைப் பார்த்தாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தினார்.

"நானா?" என்றார்.

அப்பாவின் பெயர் புருஷோத்தமன். பெரிய மார்க்கெட்டில் வெங்காயக் கடை. நல்ல உயரம், நல்ல அகலம். அவர் ஏறிய ஒரே மலை, கடையில் அடுக்கி வைத்திருக்கும் வெங்காய மூட்டைதான். ஆனாலும் மகளின் முகத்தைப் பார்த்த பிறகு அவரால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. மலைக்காரர்களுக்குப் போன் போட்டார். அட்டை அச்சடித்தாகிவிட்டது, பெயரை மாற்ற முடியாது, நடப்பதற்குப் பரிசு இல்லாததால் அம்மாவுக்குப் பதில் அவர் வரலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மலை ஓட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை பொழுது விடியும்போது அப்பா குருவிக்குன்றின் அடிவாரத்தில் நின்றார். மார்பில் பெரிய எழுத்தில் ஓர் அட்டை: தீபலட்சுமி.

அந்த மலை ஓட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வழியெல்லாம் ஆரஞ்சு ரிப்பன் கட்டி, மஞ்சள் பனியன் போட்ட தொண்டர்கள் நிற்பார்கள். யார் வந்தாலும் அட்டையில் இருக்கும் பெயரைப் படித்து உற்சாகமாகக் கூப்பிடுவார்கள். களைத்துப் போனவர்களுக்குத் தங்கள் பெயரைக் கேட்டால் இன்னும் நாலு அடி வைக்கத் தோன்றும்.

முதல் திருப்பத்திலேயே ஒரு தொண்டர் வாயைத் திறந்தார்.

"வாங்க தீப... லட்சுமி?"

அட்டையைப் பார்த்தார். அப்பாவின் மீசையைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"ஆமா, நாந்தான். வழிய விடு தம்பி," என்றார் அப்பா.

அடுத்த திருப்பத்தில் ஒரு அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சூப்பர், தீபலட்சுமி. அப்படியே போங்க," என்றார். அதற்கடுத்து இரண்டு பேர் கை தட்டி, "தீபலட்சுமி, தீபலட்சுமி" என்றார்கள். அப்பாவுக்குக் காது சிவந்துவிட்டது.

கார்குழலிக்கும் முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் நாலாவது முறை அந்தப் பெயரைக் கேட்டதும், அறியாமல் திரும்பிப் பார்த்துவிட்டாள். பின்னால் அம்மா வருவது போல ஒரு நினைப்பு. பின்னால் ஒரு சப்பாத்திக்கள்ளிதான் இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் அதை விழுங்கினாள்.

"இன்னா, வயித்த வலிக்குதா?" என்றார் அப்பா.

"இல்லப்பா. எப்படியாவது அம்மாவ மேல கொண்டுபோயிடணும்."

"கொண்டுபோயிரலாம். பதினோரு மணிக்கு உச்சியை மூடிருவாங்களாம், வெயில் ஏறிரும்னு. அதுக்குள்ள போயிரலாம் வா."

பாதி மலை ஏறியபோது, பாதை ஓரப் பாறையில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். ஒரு ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். புது ஷூ கடித்து, கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது.

"நீங்க போங்க கண்ணு. நா இங்கயே இருக்கேன். எங்க ஆபீஸ்காரங்க எல்லாம் முன்னாடி போயிட்டாங்க. திரும்பி வரும்போது அவங்களோட சேந்துக்கறேன்."

அப்பா கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். போகவேண்டும்தான். கார்குழலிக்கும் அது தெரியும். ஆனால் அந்தக் குதிகாலைப் பார்த்துவிட்டு எப்படிப் போவது? இரண்டு அடி போனவள் திரும்பி வந்தாள்.

அவள் முதுகுப் பையில் ஒரு சின்ன டப்பா இருந்தது. என்னென்ன வைக்கவேண்டும் என்று அம்மா வீடியோவில் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவள் அடுக்கியது. பஞ்சு, பிளாஸ்திரி, உப்புச் சர்க்கரைப் பொட்டலம். கார்குழலி காயத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள், பஞ்சால் ஒற்றினாள், பிளாஸ்திரியைச் சுருக்கம் இல்லாமல் ஒட்டினாள். அம்மா அவளுக்கு எத்தனையோ முறை அப்படி ஒட்டியிருக்கிறார்.

"வலிக்குதா ஆன்ட்டி?"

"காலு பரவால்ல. மனசுதான். வழியெல்லாம் எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்புட்டாங்க. என்ன மட்டும் யாரும் கூப்புடல. நமக்கெதுக்கு இதெல்லாம்னு தோணிடுச்சு."

கார்குழலி அவரை நன்றாகப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"உங்க அட்டை துப்பட்டாவுக்குள்ள இருக்கு ஆன்ட்டி. அப்புறம் எப்படிப் படிப்பாங்க?"

அந்தப் பெண்மணி குனிந்து பார்த்தார். வெயிலுக்குப் போர்த்திய துப்பட்டா அட்டையை முழுவதும் மூடியிருந்தது. கார்குழலி அதை ஒதுக்கிவிட்டுப் படித்தாள்.

"நிர்மலாதேவி. வாங்க நிர்மலாதேவி. உச்சி பக்கத்துலதான் இருக்கு நிர்மலாதேவி."

அப்பாவும் சேர்ந்துகொண்டார். வெங்காயம் கூவி விற்ற தொண்டை அவருடையது. "நிர்மலாதேவீ" என்று அவர் கூவியதில் புதரில் இருந்த இரண்டு கௌதாரிகள் பறந்து ஓடின. நிர்மலாதேவி ஆன்ட்டி சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டார்.

மூன்று பேருமாக நடந்தார்கள். உச்சிக்கு முந்தைய தண்ணீர்ப் பந்தல் கண்ணுக்குத் தெரிந்தது. கார்குழலிக்கு உற்சாகம் தாங்கவில்லை. அப்போது பார்த்து அப்பா "ஐயோ" என்று காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"கெண்டைக்கால் புடிச்சிக்கிச்சும்மா."

தொண்டர்கள் அவரை அங்கே விரித்திருந்த பாயைத் தாண்டிப் பந்தல் நிழலுக்குக் கூட்டிப்போனார்கள். கார்குழலி உப்புச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். காலை நீவிவிட்டாள். அப்பா எழுந்து நின்று பார்த்தார். நாலு அடி வைப்பதற்குள் முகம் கோணிப்போனது.

"என்னால ஆவாது கண்ணு," என்றார். "இதுவரைக்கும் வந்ததே பெருசு. அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டா."

அம்மா ஒன்றும் சொல்லமாட்டார் என்பது கார்குழலிக்கும் தெரியும். போன வருடமும் சொல்லவில்லையே. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. உச்சி அதோ தெரிகிறது, ஆரஞ்சுக் கொடி ஆடுகிறது. அங்கே ஆஸ்பத்திரியில் அம்மா மத்தியானம் போனை எடுத்துப் பார்ப்பார். மெசேஜ் வந்திருக்காது. ஒன்றும் சொல்லாமல் போனை உள்ளே வைத்துவிடுவார்.

சிறுவர்களைத் தனியாக மேலே விடமாட்டார்கள். கார்குழலி அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் காலை மறுபடி நீவ ஆரம்பித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே நீவினாள்.

"நா கூட்டிட்டுப் போறேங்க," என்றார் நிர்மலாதேவி ஆன்ட்டி. "உங்க பொண்ணு இல்லன்னா நா இன்னும் அந்தப் பாறையிலதான் இருந்திருப்பேன். நா பெரியவதான, என்கூட விடுவாங்க இல்ல?"

கார்குழலி துள்ளி எழுந்தாள். பிறகு சட்டென்று நின்றாள். "அம்மா அட்டை?"

"சட்டைக்குள்ள வச்சிக்கினு போயிரு," என்றார் அப்பா காதோடு. "யாருக்குத் தெரியப் போவுது?"

கார்குழலி தலையை ஆட்டினாள். "ஒளிச்சு வச்சா எப்படிப்பா? அம்மா என்ன திருடியா? கேட்டுட்டே போறேன்."

அப்போதுதான் கடைசித் தொண்டர் பந்தலுக்கு வந்து சேர்ந்தார். எல்லாருக்கும் பின்னால் வந்து, யாரும் தங்கிவிடவில்லையா என்று பார்ப்பதும் ரிப்பன்களை அவிழ்ப்பதும் அவர் வேலை. கல்லூரி மாணவர், பெயர் நாராயணசாமி. பாக்கெட் முழுக்க ஆரஞ்சு ரிப்பனாக நின்றார்.

கார்குழலி எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்டேடியம் படி, வயிற்றுவலி, மஸ்கட், மெசேஜ். வடையின் எண்ணிக்கையை மட்டும் விட்டுவிட்டாள்.

நாராயணசாமி காதைச் சொறிந்தார். "ஓடறவங்க அட்டைன்னா மாத்தவே கூடாதும்மா. நடக்கறவங்களுக்குப் பரிசும் இல்ல, ஒண்ணும் இல்ல. எதுக்கும் மேல கேட்டுடறேன்." வாக்கிடாக்கியில் பேசினார். சுருக்கமாகத்தான் சொன்னார். பிறகு ஒரு குரல் கரகரவென்று வந்தது.

"கூட்டிட்டு வாங்க. சீக்கிரம், மூடப் போறோம்."

அப்பா ஊக்குகளைக் கழற்றினார். அட்டையைக் கார்குழலியின் முதுகுப் பையில் குத்திவிட்டார். முன்னால் கார்குழலி, பின்னால் தீபலட்சுமி.

கடைசி ஏற்றம் செங்குத்தாக இருந்தது. மூச்சு வாங்கியது. பின்னால் வந்த நாராயணசாமி, கண்ணெதிரே தெரிந்த பெயரைத்தான் படித்தார். "அப்படித்தான் தீபலட்சுமி. விடாதீங்க தீபலட்சுமி." கார்குழலி இந்த முறை திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா முதுகிலேயே வருகிறாரே, எதற்குத் திரும்பவேண்டும்?

உச்சியில் கறுப்புப் பாய் விரித்திருந்தது. கார்குழலியின் கால் பட்டதும் கீக், கீக் என்று இரண்டு சத்தம். மேஜையில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்த அக்கா ஒலிபெருக்கியில் படித்தார்.

"கார்குழலி வந்தாச்சு. தீபலட்சுமி வந்தாச்சு. நிர்மலாதேவி வந்தாச்சு."

பாறை மேல் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள்.

"தீபலட்சுமி யாரு? கை தூக்குங்க, மெடல் போடணும்," என்றார் அந்த அக்கா.

கார்குழலி கை தூக்கினாள். "எங்க அம்மா. மஸ்கட்ல நர்ஸா இருக்காங்க. அவங்க அட்டை மட்டும் வந்திருக்கு."

கை தட்டல் நின்றது. எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அவளுக்குக் கூச்சமாக இருந்தது. உச்சிக்கு வந்தாயிற்று, மெசேஜும் போயிருக்கும். ஆனாலும் ஏதோ குறையாக இருந்தது. மெசேஜை எழுதுவது கம்ப்யூட்டர்தானே. வழியெல்லாம் அத்தனை பேர் கூப்பிட்ட பெயரைக் கேட்கவேண்டிய ஒருத்தர் மட்டும் கேட்கவில்லையே.

"அக்கா," என்றாள். "அங்க எங்க அம்மாவ யாரும் பேர் சொல்லிக் கூப்புட மாட்டாங்க. எல்லாரும் சிஸ்டர்னுதான் சொல்வாங்க. நீங்க எல்லாரும் ஒரே ஒரு தடவ கூப்புடறீங்களா? நா பதிவு பண்ணி அனுப்பிடறேன்."

அந்த அக்கா ஒலிபெருக்கியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். ஆரஞ்சுப் பழக்காரர்களும் எழுந்தார்கள். நிர்மலாதேவி ஆன்ட்டி தன் போனை நீட்டிப் பிடித்தார். நாராயணசாமி "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றார்.

"தீபலட்சுமி வந்தாச்சு!"

எதிர்க் குன்று அதைக் கேட்டுவிட்டு, கொஞ்சம் பொறுத்து, ஒருமுறை தானும் சொன்னது.

கார்குழலி பாறை விளிம்புக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாள். ஏரி, வயல், பொம்மை வீடுகள், அதற்கு அந்தப் பக்கம் வெறும் புகைமூட்டம். கடல் தெரியவில்லை. மஸ்கட் எப்படித் தெரியும்? தெரியாது என்று நன்றாகத் தெரிந்தும் வெகுநேரம் பார்த்தாள்.

திரும்பும் பஸ்ஸில் அப்பா காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிர்மலாதேவி ஆன்ட்டி அனுப்பிய பதிவை, சிக்னல் வந்ததும் கார்குழலி அம்மாவுக்கு அனுப்பிவிட்டாள். திண்டிவனம் நெருங்கும்போது போன் அடித்தது. அங்கே அது மதியச் சாப்பாட்டு நேரம்.

"மெசேஜ் வந்துச்சாம்மா?"

"வந்துச்சு. நா உச்சிக்குப் போயிட்டேனாம். ரெண்டு பாயும் தாண்டின மணி போட்டிருக்கு." அம்மாவின் குரல் சாப்பாட்டு அறைச் சத்தத்துக்கு நடுவில் வந்தது. "ஆமா, கடைசிப் பந்தல்ல நா ஏன் அவ்ளோ நேரம் நின்னேன்?"

"நீ நிக்கலம்மா. அப்பாதான் நின்னாரு. கெண்டைக்கால் புடிச்சிக்கிச்சு."

"அதானே பாத்தேன்," என்று அம்மா சிரித்தார்.

"நா ஒரு ஆடியோ அனுப்பியிருக்கேன். கேட்டியா?"

"இரு, இப்பதான் பாக்கறேன். கேட்டுட்டு வரேன்."

லைன் நின்றது. அப்பாவும் மகளும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்க ஐந்து நொடிகூட ஆகாது. ஆனால் திண்டிவனம் வந்தது, போனது, போன் அடிக்கவில்லை.

கடைசியில் அடித்தது.

"எத்தன பேரு அது?" என்றார் அம்மா. மூக்கடைத்த குரல்.

"மலை மேல இருந்த எல்லாரும். மலையும் ஒரு தடவ சொல்லிச்சு. கேட்டியா?"

அம்மா மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து, "இரு கண்ணு, இன்னொரு தடவ கேட்டுட்டு வரேன்," என்றார்.

மறுபடி போன் வந்தபோது கார்குழலி கை நீட்டுவதற்குள் அப்பா எடுத்துவிட்டார். தொண்டையைச் செருமினார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெரிய மார்க்கெட்டையே அதிர வைக்கிற அந்தத் தொண்டையிலிருந்து எறும்புக் குரல் ஒன்று வந்தது.

"சொல்லு... தீபலட்சுமி."

"யாருங்க பேசறது? ராங் நம்பரா?" என்றார் அம்மா. பிறகு சிரித்தார். சிரித்தார், சிரித்துக்கொண்டே இருந்தார். அப்பா வெட்கப்பட்டுப் போனைக் கார்குழலியிடம் தள்ளிவிட்டார்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு எனக்கு," என்றார் அம்மா, சிரிப்பைத் துடைத்துக்கொண்டு. "சொல்லு, மேல நின்னு நா என்னெல்லாம் பாத்தேன்?"

கார்குழலி கால்களை மடக்கி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். முதல் திருப்பத்தில் அப்பாவின் மீசையைப் பார்த்து முழித்த தொண்டரிலிருந்து ஆரம்பித்தாள்.